குடியேற உகந்த மாவட்டம்

மறுபடியும் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் குடியேற உகந்த ஊர்கள், தெற்கே போனால் என்ன லாபம், என்ன நட்டம் என்று கட்டம் போட்டு, இடப்பக்கம் சாதகம், வலப்பக்கம் பாதகம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நேரே சாதகக் கட்டத்தில் ‘இயற்கை எழில், இதமான தட்பவெப்பம், அமைதியான சூழல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அமைதியான சூழல் என்று எழுதியவர் சாயங்கால நேரத்தில் மார்த்தாண்டத்தைத் தாண்டியவராக இருக்க முடியாது. பாதகக் கட்டத்தில் ஒரே சொல்: ‘தூரம்’. எங்கிருந்து தூரம் என்று போடவில்லை. போடவும் வேண்டாம், தூரம் என்றால் சென்னையிலிருந்து என்று நமக்கெல்லாம் சொல்லாமலே விளங்கும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது, சென்னை ஏறக்குறைய எழுநூறு என்பதெல்லாம் பட்டியல் போடுகிறவர்களுக்கு எதற்கு?

எனக்கு எரிச்சல் பட்டியலில் உள்ள பிழையால் அல்ல. அதை நம்பி யாராவது வந்துவிடுவார்களே என்றுதான். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டுச் சராசரி 555. அதாவது மற்ற இடத்தில் ஒருவர் நிற்கிற நிலத்தில் இங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நின்றுகொண்டு, மூன்றாமவர் வந்தால் மனை விலை என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பாதகங்களை முறையாக, ஆதாரத்தோடு, மூன்றே மூன்றாக எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். இந்த மாவட்டத்தில் கொஞ்ச காலம் இருந்தவன் வேறெங்கும் இருக்க லாயக்கில்லாதவனாகிவிடுவான்; ஆனால் பிழைப்புக்கு வேறெங்காவதுதான் போக வேண்டியிருக்கும். இதுதான் என் கட்சி. மூன்றாவது பாதகம்தான் ஆகப் பெரியது என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

முதலாவது, படிப்பு. 1809இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். பிறகு நாகர்கோவிலுக்கு வந்து வளர்ந்து கல்லூரியும் ஆன அந்த மரபு இன்றுவரை நிற்கவில்லை. 2011இல் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். சரி, படித்தாயிற்று, அப்புறம்? ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிற மகேந்திரகிரியும் அணுமின் நிலையம் உள்ள கூடங்குளமும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலி மாவட்டத்தில். இந்தப் பக்கம் இருப்பது ரப்பர், தென்னை, மீன், வாழை, அப்புறம் ரயில் நிலையம். படித்தவன் ரயில் ஏறுகிறான். ஏறிப் போன ஊரில் முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடுகிறான்: தண்ணீரா இது, எண்ணெயா இது, மீனுக்கு ஐஸ் வாடை அடிக்கிறதே, எங்க ஊரில்... மிச்சத்தை நான் எழுத வேண்டாம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள், பக்கத்து மேசைக்காரர் எழுந்து போகிறவரை.

போனவன் பணம் அனுப்புகிறானே, ஊருக்கு அது லாபம்தானே என்று கேட்கலாம். லாபம்தான். அந்த லாபத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் நெல் விளைந்த வயல்களைப் போய்ப் பார்க்கலாம். மண்ணடித்து நிரப்பி மூன்று மாடி எழுப்பியிருப்பார்கள். மேல்மாடிக்கு வெளிநாட்டுக் கண்ணாடி, வாசலுக்கு இரட்டைக் கதவு, கதவுக்கு வெளியே பூட்டு. இந்த வயல்களையும் மனத்தில் வைத்துத்தான் 1906இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தார்கள். கால்வாய் இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய வயலைத்தான் காணோம். வீட்டுக்காரர் எங்கோ ஒரு பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்து, ஊரிலே பச்சைப்பசேல் என்று வயல் இருக்கும் தெரியுமா என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, பழம். சிரிக்க வேண்டாம், இதில்தான் ஆதாரம் நிறைய இருக்கிறது. மற்ற ஊர்களில் வாழைப்பழம் கேட்டால் வாழைப்பழம் கொடுக்கிறார்கள். அங்கேதான் கோளாறு. இங்கே ஒரு கடையில் போய் வாழைப்பழம் என்று பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஆள் வேற்றூர் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும், முகத்தில் ஓர் இரக்கம் தெரியும். கயிற்றில் வரிசையாகத் தொங்குகிற குலைகளில் எது வேண்டும்? மட்டியா, ரசகதலியா, செந்துளுவனா, பாளையங்கோட்டனா, பேயனா, ஏத்தனா? வேலைக்குத் தகுந்த பழம் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். சாமிக்கு வைக்கிற பழத்தைப் புட்டுக்கு வைக்க முடியாது. புட்டுக்கு ஏத்தம்பழம், அதுவும் அவித்தது. பக்கத்தில் பயறும் பப்படமும் இருந்தால் மற்றதைப் பிறகு பேசலாம். சூட்டு உடம்புக்காரருக்குப் பேயன். இரவு சாப்பாட்டுக்குப் பின் பாளையங்கோட்டன். காரணத்தைப் பெரியவர்கள் காலையில் சொல்வார்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது செந்துளுவன், ஏனென்றால் விலை அதிகம் என்பது பார்த்தாலே தெரியும். கல்யாணப் பந்தியில் பிரதமனோடு பிசைந்து அடிக்க மட்டியா ரசகதலியா என்பதில் இரண்டு சம்பந்திகளும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இதில் மட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னப் பழம், நல்ல மணம். சீப்பில் காய்கள் காற்று பிடித்துத் தள்ளிவிட்டதுபோல ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதிலேயே செம்மட்டி, தேன்மட்டி, மலைமட்டி என்று கிளைகள். பல் முளைக்காத குழந்தைக்கு முதல் பழமாக மட்டியைத்தான் மசித்துக் கொடுப்பார்கள். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய அநியாயம் இது! தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாக நாக்கில் வைப்பதே உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத ஒரு பழம். அந்தக் குழந்தை பின்னால் பொறியாளராகி எந்த ஊருக்குப் போனாலும் நாக்கு எப்படி அடங்கும்? 2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை விருது என்று நினைத்துப் பாராட்டினார்கள். உண்மையில் அது, இந்த ஊர்க்காரனுக்கு வேறு ஊர் சரிப்படாது என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ்.

பழம்தானே, லாரியில் ஏற்றினால் எல்லா ஊருக்கும் போகுமே என்பது வழக்கமாக வருகிற ஆட்சேபணை. ஏத்தன் லாரி ஏறும், ஒத்துக்கொள்கிறேன். பச்சையாக ஏறி, வழியில் பழுத்து, இறங்குகிற இடத்தில் விலையோடு நிற்கும். அதை வாங்கிச் சீவி ஏதோ ஓர் எண்ணெயில் பொரித்து சிப்ஸ் என்று விற்பார்கள். தேங்காயெண்ணெய் இல்லை என்பது பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். மட்டியின் கதை வேறு. இங்கே மட்டியாகப் புறப்பட்டது ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டும்போதே யோசிக்க ஆரம்பித்து, தாம்பரத்தில் இறங்கும்போது வெறும் பழமாகிவிடும். இது அறிவியல் இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். அப்படிச் சொல்கிறவர்கள் இரண்டு முனையிலும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

இன்னொரு ஆட்சேபணை கொஞ்சம் வலுவானது. எல்லா ஊர்க்காரனும் இப்படித்தானே, மதுரைக்காரனுக்கு மல்லிகை, திருநெல்வேலிக்காரனுக்கு அல்வா, நீ மட்டும் என்ன விசேஷம் என்பது. விசேஷம் இருக்கிறது. அல்வாவைப் பெட்டியில் கட்டலாம். அது போக, மதுரைக்காரனுக்கு ஒப்பிட ஒரே ஒரு சென்னைதான் உண்டு. எங்களுக்கு இரண்டு மாநிலங்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி முன்னால் நின்று நடத்திய போராட்டம். 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிரே கொடுத்திருக்கிறார்கள். அதில் யாருக்கும் குறை கிடையாது, எனக்கும் இல்லை. குறை என்னவென்றால், மாநிலம் மாறிய செய்தி சில இடங்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. 1979இல்தான் எங்களுக்கு ரயிலே வந்தது. வந்த தண்டவாளம் இன்றுவரை திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. நிர்வாகம் கேரள அரசின் தொல்லியல் துறை. நாக்கும் இன்னும் முழுசாக மாறவில்லை. சென்னையில் வாயைத் திறந்தால் மலையாளமா என்கிறார்கள், திருவனந்தபுரத்தில் திறந்தால் பாண்டி என்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கலாம், ஆனால் அப்புறம் எப்படிக் குறை சொல்வது?

குறை சொல்வதில் இந்த இரட்டைக் குடியுரிமை எவ்வளவு வசதி என்பது வெளியாருக்குப் புரியாது. இங்கே ஓர் அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை என்றால், கேரளாவில் இப்படியா என்று கேட்கலாம். எல்லையில் களியக்காவிளையைத் தாண்டிப் பேருந்தில் ஏறியதும், தமிழ்நாட்டில் டிக்கெட் இவ்வளவா, அங்கே 2021லிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசே கிடையாதே என்று கேட்கலாம். இரண்டு கேள்விகளையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே தொனியில் கேட்பார். இது பரம்பரைச் சொத்து. தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை சொத்து மகனுக்கு இல்லாமல் மருமகனுக்குப் போகிற மருமக்கள்வழிக் கொடுமையைப் பற்றி ஒரு மான்மியமே எழுதினார். அது முழுக்க முழுக்க ஓர் ஐந்தாம் மனைவியின் புலம்பல். 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள்வழி போயிற்று. புலம்பலுக்குச் சட்டம் எதுவும் வரவில்லை.

உள்ளூர் விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 1 மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டர் அவதார நாள், சிவாலய ஓட்டத்துக்குச் சிவராத்திரி, போதாதென்று ஓணம். ஒவ்வொன்றுக்கும் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வரும். ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும், இது செலாவணி முறிச் சட்டத்தின்படியான விடுமுறை அல்ல, கருவூலங்கள் குறிப்பிட்ட பணியாளர்களோடு இயங்கும், ஈடாக இன்ன சனிக்கிழமை வேலைநாள் என்று இருக்கும். விடுமுறையை நாங்கள் பண்டிகையாகவும் சனிக்கிழமையை அநீதியாகவும் எடுத்துக்கொள்வோம். இது சாதகம்தானே என்கிறீர்களா? இல்லை. மூன்று மதத்துப் பண்டிகைக்கும் பக்கத்து மாநிலத்துப் பண்டிகைக்கும் பள்ளிக்கூடம் மூடுவதுதான் உலக வழக்கம் என்று நம்பி வளர்கிற பிள்ளை, ஒரு டிசம்பர் 3ஆம் தேதி வெளியூர் அலுவலகம் வழக்கம்போலத் திறந்திருப்பதைப் பார்த்து அதிர்ந்துபோகும். லாயக்கில்லாமல் ஆக்குவது என்று நான் சொன்னது இதைத்தான்.

தட்பவெப்பமும் அப்படியே. மழை இங்கே ஜூனிலும் வரும், அக்டோபரிலும் வரும். மற்ற மாவட்டத்துக்காரர்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்படுகிறார்கள். துவைத்த துணி மூன்றாம் நாளும் கொடியில் ஈரமாகக் கிடப்பதை அவர்கள் பார்த்ததில்லை. ஆனாலும் இங்கே வளர்ந்தவன் ஜூன் மாதத்தில் சென்னையில் நின்றுகொண்டு, மழைக்காலத்தில் ஏன் வெயில் அடிக்கிறது என்று வானத்தைக் கேட்பான். பதில் சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது.

உண்மையான எரிச்சலுக்கு வருகிறேன். இயற்கை எழில் என்று எழுதினார்களே, அந்த எழிலை, அதாவது மலைகளை, உடைத்து டாரஸ் லாரிகளில் ஏற்றி, களியக்காவிளையை நோக்கி இரவும் பகலும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த லாரிகளுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். நால்வழிச்சாலை வந்தால் எல்லாம் சரியாகும் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சாலைக்கு எடுத்த நிலத்தில் காட்டுச்செடி நன்றாக வந்திருக்கிறது. எங்கள் புலம்பல் வேடிக்கையாக இருப்பதால் இதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். பழத்துக்கும் லாரிக்கும் ஒரே குரலில் புலம்புகிறவனை யார்தான் நம்புவார்கள்?

ஆகவே வர வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. வந்தால் இருந்துவிடுவீர்கள்; இருந்தால் வேறெங்கும் போக முடியாது; மனை விலை ஏறும். மூன்றாவது பாதகத்தைக் கேட்டால் வர நினைத்தவர்களும் வர மாட்டார்கள். அதைச் சொல்லும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும், ஏனென்றால் பட்டியலில் இதையும் விட்டுவிட்டார்கள். மேலே பழம் என்று வாழையை மட்டும்தான் சொன்னேன். சித்திரை தொடங்கி ஆனிவரை இங்கே சக்கைக் காலம். சக்கை என்றால் மற்ற ஊர்க்காரர்கள் பலாப்பழம் என்று ஒரே பெயரில் முடித்துக்கொள்வார்கள். வருக்கை வேறு, கூழன் வேறு. வருக்கை கடிபடும், கூழன் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். எது உசத்தி என்பதில் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி உண்டு. நான் வருக்கைக் கட்சி, கூழன் கட்சிக்காரர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது. யார் என்ன சொன்னாலும் வந்தே தீருவேன் என்கிறவர்கள், எந்தக் கட்சி என்று முடிவு செய்துகொண்டாவது வாருங்கள்.