மைல் சகலை

ஓட்டலில் ஆறு பேர் சாப்பிட்டு முடித்து, பில் வரும் நேரம். அந்த நேரத்தில்தான் ஒருவர் கை கழுவப் போவார், ஒருவருக்கு அவசர போன் வரும், இன்னொருவர் எல்லாப் பாக்கெட்டிலும் பர்ஸைத் தேடுவார். என் மூத்த சகலை மட்டும், சர்வர் மேசையில் வைப்பதற்கு முன்பே பில்லை அந்தரத்தில் பிடித்துவிடுவார். "யாரும் பர்ஸை எடுக்கக் கூடாது. நான் இருக்கேன்ல?"

கல்யாணமான புதிதில் நானும் ஏமாந்தேன். பாரி, ஓரி வரிசையில் ஒருவர் நமக்குச் சகலையாக வாய்த்திருக்கிறாரே என்று நெஞ்சு விம்மியது. அவர் கார்டைத் தேய்த்து, ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்த அடுத்த நிமிடம் மேசையைச் சுற்றி எல்லோருடைய செல்போனும் 'டிங்' என்றது. தலைக்கு 412 ரூபாய் கேட்டு ஜிபேயில் வந்திருந்தது. குழந்தைக்குப் பாதி.

அவருக்குப் பணம் ஒரு பொருட்டே இல்லை. பாயிண்ட்தான் முக்கியம். மைத்துனன் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனபோது, மாமனார் எண்ணிக் கொடுத்த நோட்டுக்கட்டுகளை மஞ்சப்பையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, கல்லாவில் தன் கார்டை நீட்டினார். மண்டப முன்பணம், மளிகை, மாப்பிள்ளை சூட் எல்லாம் அவர் கார்டிலேயே போயின. நாதஸ்வரக்காரரிடம் "மெஷின் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டதுதான் எடுபடவில்லை. அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை விட அதிகம் சம்பாதித்தவர் எங்கள் சகலைதான் என்பது குடும்பத்தில் பொதுவான அபிப்பிராயம்.

அவரிடம் பதினோரு கார்டுகள் உண்டு. எது எதற்கு என்று அவர் மனைவி, எங்கள் அண்ணி, குழம்பக் கூடாதென்று ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்: 'மளிகை', 'மருந்து', 'கரண்ட் பில்', 'வெளிநாடு (தொடாதே)'. அண்ணி ஒருமுறை மளிகைக் கார்டில் மருந்து வாங்கிவிட்டாள். "பாயிண்ட் போச்சே" என்று அவர் தவித்த தவிப்பில், மாத்திரை யாருக்கு, என்ன உடம்பு என்று கேட்கவே மறந்துவிட்டார். மாத்திரை அவருடைய பி.பி.க்குத்தான்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும்; மனிதர் ஒருநாளும் தவணை தவறியதில்லை. கடைசித் தேதிக்கு முந்தின நாளே முழுத்தொகையும் கட்டிவிடுவார். பாக்கி வைத்தால் கார்டுக்காரன் மாதம் மூன்றரை சதவீதம் போலப் போட்டுத் தாளிப்பான். வருடத்துக்கு நாற்பதைத் தாண்டும். "வட்டி கட்டுறவன் காசுலதான் சகல நாம பறக்கிறோம்" என்பார். அதைக் கேட்டால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் சொல்வதில் பொய் இல்லை.

இந்த விஷயத்தில் நான் அவரிடம் பட்டது தனிக்கதை. என் கார்டில் இருபதாயிரம் பாயிண்ட் சேர்ந்திருந்தது. பாங்கு அனுப்பிய பட்டியலைப் பார்த்து ஒரு மிக்ஸி வாங்கினேன். கடையில் அதன் விலை நாலாயிரம். சும்மா கிடைத்த மிக்ஸி என்று வீட்டில் எனக்கு நல்ல பெயர். அன்று மாலை வந்த சகலை அதைப் பார்த்ததும், துக்க வீட்டில் நிற்பவர்போல் கைகட்டி நின்றார்.

"எத்தனை பாயிண்ட் கொடுத்தீங்க?"

சொன்னேன்.

"அப்ப ஒரு பாயிண்ட் இருபது பைசா. இது மிக்ஸி இல்ல சகல. இது சிங்கப்பூர் டிக்கெட். அதுல தேங்காச் சட்னி அரைச்சுக்கிட்டிருக்கீங்க."

பிறகு பால்காரர் நோட்டின் பின்பக்கத்தில் பாடம் நடந்தது. பாயிண்டைக் கொண்டு பொருள் வாங்குவது மகா பாவம், கூப்பன் வாங்குவது பாவம், விமானக் கம்பெனிக்கு மாற்றி மைலாக்குவதே மோட்சம். ஒரு டிக்கெட் காசுக்கு 90,000 ரூபாய். மைலில் எடுத்தால் 39,000 மைல், மேற்கொண்டு வரியும் கட்டணமும் 12,000 ரூபாய். (இலவச டிக்கெட் என்று எதுவும் உலகத்தில் கிடையாது, வரி உண்டு, சில கம்பெனிகள் எரிபொருள் என்ற பெயரிலும் பிடுங்கும்.) தொண்ணூறில் பன்னிரண்டைக் கழித்து, மிச்சத்தை மைலால் வகுத்தால் மைலுக்கு இரண்டு ரூபாய். ஒரு ரூபாய்க்குக் குறைந்தால் தொடாதே. முக்கியமான விதி: முதலில் சீட்டைத் தேடு, அப்புறம் பாயிண்டை மாற்று. பாங்கிலிருந்து விமானத்துக்குப் போன பாயிண்ட் புகுந்த வீட்டுக்குப் போன சீர்வரிசை மாதிரி, திரும்பி வராது.

ஒரு சந்தேகம் கேட்டேன். "மைல்னா பறந்த தூரம்தானே? நீங்க கோவையைத் தாண்டிப் பறந்ததே இல்லையே, எப்படி ரெண்டு லட்சம் மைல்?"

"அது 1981ல" என்று சிரித்தார். அந்த வருடம்தான் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது; அப்போது பறந்தால்தான் மைல். இப்போது பருப்பு வாங்கினாலும் மைல். நிலாவுக்குத் தூரம் ஏறக்குறைய 2,39,000 மைல். கேஸ் சிலிண்டரும் ஸ்கூல் பீஸும் கட்டியே சகலை நிலாவை நெருங்கிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கென்று நாயன்மார்களும் உண்டு. முதல் நாயனார், கலிபோர்னியாவில் இருந்த டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சிவில் இஞ்சினியர். 1999இல் ஓர் உணவுக் கம்பெனி, லேபிளை வெட்டி அனுப்பினால் மைல் தருவதாக அறிவித்தது. அவர்கள் பொருள்களிலேயே மலிவானது புட்டிங், கப் 25 சென்ட். மனிதர் கடை கடையாக அலைந்து 12,150 கப் வாங்கினார். செலவு சுமார் 3,140 டாலர். கிடைத்தது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மைல். அத்தனை லேபிளை யார் உரிப்பது? புட்டிங்கை ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குத் தானம் கொடுத்து, தொண்டர்களையே உரிக்கச் சொல்லி, தானத்துக்கு வரிவிலக்கும் வாங்கிவிட்டார். இந்தக் கட்டம் வரும்போது சகலையின் குரல் தழுதழுக்கும்.

அடுத்தவர்களுக்குத் தனிப்பெயர் கிடையாது, தொகையடியார்கள். அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவர, அதே விலைக்கு, தபால் செலவில்லாமல் வீட்டுக்கே அனுப்பியது. இவர்கள் கார்டில் மூட்டை மூட்டையாக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் பாங்கில் கட்டி, அந்தப் பணத்தாலேயே கார்டு பாக்கியை அடைத்தார்கள். காசு ஊரைச் சுற்றி வந்ததுதான் மிச்சம். மைல் மட்டும் தங்கியது. 2011இல் நாணயச்சாலை கார்டு வாங்குவதை நிறுத்தியது. "நம்ம ரிசர்வ் பாங்குக்கு அந்த மனசு வருமா?" என்று பெருமூச்சு விடுவார் சகலை.

தூக்கம் கெடும் நாட்களும் உண்டு. பாங்கிலிருந்து 'உங்கள் நன்மைக்காக' என்று தொடங்கி ஒரு மெயில் வந்தால் போதும், மனிதர் காபியை வைத்துவிடுவார். நேற்றுவரை பாயிண்ட் தந்த செலவுக்கு இன்றுமுதல் கிடையாது என்பதற்கான கௌரவமான பீடிகை அது. வாடகைக்குப் போச்சு, பெட்ரோலுக்குப் போச்சு. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது நாடே ஊழியர்களின் சம்பளத்தைப் பற்றிப் பேசியது. இவர் மைலுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்யாத குறை. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோதும் இரண்டு வாரம் தாடி.

உள்நாட்டுப் பயணம் என்றால் லவுஞ்ச். கோவைக்கு ஒரு மணி நேரப் பறத்தலுக்கு, சென்னை விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக ஆஜர். கார்டில் இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு உள்ளே விடுவார்கள். அம்மா உணவகத்துக்கு அடுத்தபடியாக இந்த விலைக்கு இட்லி கிடைப்பது அங்கேதான். வெளியே நீளும் வரிசையைப் பார்த்தால், சோழிங்கநல்லூரில் பாதிப் பேருக்கு இந்த ரகசியம் தெரிந்துவிட்டது என்று புரிகிறது.

இதெல்லாம் எதற்கு? அவர் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அண்ணியைப் படுக்கை விரியும் பிசினஸ் கிளாஸில் அங்கே அழைத்துப்போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் சபதம். மகள் உண்டானாள். வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போது, பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சகலை லேப்டாப்பைத் திறந்தார்.

"ஏழாம் மாசம் மைல் சீட் ஃபுல். ஒன்பதாம் மாசத்துல ரெண்டு காலியா இருக்கு. சாஸ்திரமும் இடம் கொடுக்குது."

அண்ணி பஞ்சாங்கத்தை மூடி, லேப்டாப்பையும் மூடினாள். "ஏழாம் மாசம்."

பிறகு ஒரு மாதம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சீட் தேடினார். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல் 36 மாதத்தில் காலாவதியாகும். அவருடையதில் ஒரு பகுதிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு சீட். இன்னொன்று காத்திருப்போர் பட்டியலிலேயே காத்திருந்து உயிரை விட்டது. அண்ணிக்கு முன்னால் பிசினஸ் கிளாஸ். தனக்குப் பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்தில், காசு கொடுத்து எகானமி. அதைக் கார்டில் வாங்கியதால் கொஞ்சம் பாயிண்ட் வந்தது என்பதை விடாமல் குறிப்பிட்டார்.

மீதியை அவர் வாயாலேயே கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானத்தில் பிசினஸ் கிளாஸ்காரர்கள் விரும்பிய சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஒரு வாரம் பட்டியலை ஆராய்ந்து அண்ணிக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். விமானம் ஏறி இரண்டு மணி நேரம் கழித்து மனம் கேட்கவில்லை. ஒரு துண்டுச்சீட்டில் 'தூங்காதே. எல்லாத்தையும் கேட்டு வாங்கு' என்று எழுதி, தமிழ் பேசிய பணிப்பெண்ணிடம் கொடுத்துத் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். அவள் சீட்டோடு திரும்பி வந்தாள்.

"மேடம் ஏறினதுமே தூங்கிட்டாங்க சார். இன்னிக்குக் கிருத்திகையாம், ஒரு பொழுதுன்னு சொன்னாங்க. எழுப்பட்டுமா?"

பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சீட் தேடியவர். அந்தக் கட்டத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எழுப்ப வேணாம்மா" என்றாராம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தச் சாப்பாடு இருக்குமா?"

"அதை இந்தப் பக்கம் கொண்டுவர முடியாது சார்."