துரையின் மீது ஒரு குற்றப் பத்திரிகை

ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவர், தம் வீட்டுக் கடுவன் பூனையின் நடத்தையைக் குறித்து, கால்நடை வைத்தியராகிய தம் மைத்துனரிடம் முறையிட்டபோது நிகழ்ந்த சம்பாஷணை இது. பூனையின் வாக்குமூலம் மட்டும் பதிவாகவில்லை.

சார்பதிவாளர்: வா, தம்பி. கிரயப் பத்திரத்தில் கையொப்பத்தை மாற்றிப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்த ஆசாமிகளைக்கூட நான் மன்னித்ததுண்டு. ஆனால் விலை கொடுத்து வாங்கி வைத்த மணல்தட்டை அவமதித்து, என் சலவை வேட்டியின் மீது மூத்திரம் பெய்த இந்தத் துரையின் துராக்கிருதத்தை மன்னிக்க மனம் ஒப்பவில்லை. சென்ற வாரம் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டேனல்லவா, அதற்குப் பழி தீர்க்கிறான்.

வைத்தியர்: அத்தான், நேற்றைய அவமானத்தை மறவாமல் வைத்திருந்து, அதற்குத் தக்க ஆயுதத்தை இன்று தேர்ந்து, நாளை எதிராளி படப்போகும் வேதனையை முன்கூட்டியே ரசிப்பது மனுஷ சாமர்த்தியம், பூனைக்கு அவ்வளவு படிப்பில்லை. தட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

சார்பதிவாளர்: சலவை இயந்திரத்துக்கும் அதன் தீனித் தட்டுக்கும் நடுவில். நிர்வாக சௌகரியத்துக்காக எல்லா இலாகாக்களையும் ஒரே கட்டடத்தில் அமைத்திருக்கிறேன். மல்லிகை வாசனையூட்டிய மணல், மேலே மூடி, ஞாயிறுதோறும் சுத்தம்.

வைத்தியர்: மல்லிகை உங்கள் விருந்தாளிகளுக்கு, நம் நாசியைவிடப் பன்மடங்கு கூர்மையான நாசி படைத்த பிராணிக்கு அது தண்டனை. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், தொழிற்சாலைத் தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்சுவதற்காக விற்றுவந்த களிமண் குருணையை, எட்வர்ட் லோ என்பவர் அண்டை வீட்டுப் பெண்மணியின் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அடுப்புச் சாம்பலில் காலைத் தோய்த்துக்கொண்டு வீடெங்கும் கோலம் போட்டுவந்த அந்தப் பூனை, மல்லிகை எதையும் கேளாமலே அந்தக் களிமண்ணை ஏற்றுக்கொண்டது. தினந்தோறும் அள்ள வேண்டும், அத்தான். உண்ணும் இடத்தருகே எந்தப் பூனையும் மனம் ஒப்பிக் கழிக்காது. இயந்திரம் திடீரென்று உறுமும் இடத்திலோ கேட்கவே வேண்டாம். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டுக்கு மூன்று என்பது எங்கள் கணக்கு.

சார்பதிவாளர்: ஓர் ஊழியனுக்கு இரண்டு அலுவலகமா! தணிக்கையில் நிற்காது. அதிருக்கட்டும், உன் உபதேசத்துக்கு இனி அவசியமே இல்லை. முந்தாநாள் பிரம்பைக் காட்டி மிரட்டினேன். நேற்றுக் காலை முதல் துரை முற்றிலும் திருந்திவிட்டான். கால் மணிக்கொரு தரம் தானாகவே தட்டுக்குப் போகிறான். வெகுநேரம் பயபக்தியுடன் குந்தியிருக்கிறான். சில சமயம் பச்சாத்தாபம் மேலிட்டு முனகவும் செய்கிறான்.

வைத்தியர்: மணல் நனைந்திருந்ததா?

சார்பதிவாளர்: ஒரு துளி கிடையாது! அள்ளும் வேலையும் மிச்சம். ஓயாமல் அடிப்புறத்தை நக்கித் தேகசுத்தி வேறு பேணுகிறான். ஆகாரத்திலும் பற்றற்றுவிட்டான், விரதமென்று நினைக்கிறேன்.

வைத்தியர்: கூடையை எடுங்கள், அத்தான். அது பச்சாத்தாபமல்ல, நீரடைப்பு. கடுவனின் மூத்திரக் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. பொடிப் படிகங்களும் சளியும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொண்டால், சிறுநீரகம் ஸ்தம்பித்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இருதயம் நின்றுபோவதற்கு இரண்டு மூன்று நாட்கள் போதும். அவற்றில் ஒன்றைத் தாங்கள் பிரம்பின் வெற்றியாகக் கொண்டாடித் தீர்த்துவிட்டீர்கள்.

சார்பதிவாளர்: அப்படியானால், அந்த வேட்டி?

வைத்தியர்: தட்டில் குந்தும்போதெல்லாம் வலித்ததனால், வலி தட்டிலேயே இருக்கிறதென்று எண்ணி, மெத்தென்ற இடத்தைத் தேடியிருக்கிறது. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வம்சமாதலால் அதற்குத் தாகம் இயல்பிலேயே குறைவு. நீங்களோ உலர்ந்த உருண்டைத் தீனியைத் தவிர வேறொன்றும் கண்ணில் காட்டுவதில்லை. புறப்படுங்கள்.

சார்பதிவாளர்: வருகிறேன், வருகிறேன். ஆனால் இரவு முழுதும் விழித்து, நான்கு பக்கத்தில் ஒரு குற்றப் பத்திரிகை தயாரித்து வைத்திருக்கிறேனே, அதை என்ன செய்வது?

வைத்தியர்: கூடையின் அடியில் விரித்துவிடுங்கள். போகும் வழியில் அடைப்புத் தானாகத் திறந்துகொண்டால் உபயோகப்படும்.