எஞ்சின் மாறிய ஸ்டாக்: கூடு, உயிர், விலை குறித்து ஓர் ஆய்வு

பழைய கார் விற்பனையியலுக்குத் தமிழில் இன்னும் ஒருவரும் நூற்பா செய்யவில்லை. அக்குறை தீர ஒன்று செய்து, உரையும் நாமே எழுதலானோம்.

ஓடா எஞ்சின் உரிய எஞ்சின்;
ஓடும் எஞ்சின் ஒட்டிய எஞ்சின்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், எஞ்சின் மாற்றிப் புதுப்பித்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கும் முறைமை நுதலிற்று. எடுத்துக்காட்டு பல உள. நாம் கொள்வது பிரிட்டனின் ட்ரயம்ஃப் ஸ்டாக். நூற்பா இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் வண்டி வேறில்லை.

ஸ்டாக், கவன்ட்ரி நகரில் 1970 முதல் 1977 வரை தயாரானது. ஏறக்குறைய 26,000 வண்டிகள். வடிவம் தந்தவர் இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலோட்டி. நாலு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிக்கொள்ளலாம், மடக்கினாலும் தலைக்கு மேல் 'டி' எழுத்து வடிவில் ஒரு சட்டம் நிற்கும். 1971இல் வந்த 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரி மஞ்சள் ஸ்டாக் ஒன்றை ஓட்டிப் போவார். அழகில் குறை சொல்ல எதிரிக்கும் வாய் வராது. குறையெல்லாம் பானட்டுக்கு அடியில்.

அங்கே இருந்தது ட்ரயம்ஃப் தானே வடிவமைத்த 2,997 சிசி வி8. தன் நாலு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டை ஒரே கிராங்க் ஷாஃப்டில் சேர்த்தால் என்ன வருமோ, கிட்டத்தட்ட அதுதான். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகத்தையும் ஒரே தண்ணீர் தொடுவதால் அரிப்பைத் தடுக்கும் கூலன்ட்டை வருஷம் முழுக்க ஊற்றி வைக்க வேண்டும். பலருக்கு இது தெரியவில்லை. போதாக்குறைக்கு, தண்ணீர் பம்பை எஞ்சினின் உச்சியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கூலன்ட் சற்றுக் குறைந்தாலும் முதலில் வறள்வது பம்ப். பம்ப் வறண்டால் சூடு. சூட்டில் ஹெட் வளையும். சரி, வளைந்த ஹெட்டைக் கழற்றிச் சீவலாம் என்று ஸ்பேனரை எடுத்தால், அதைப் பிடித்திருப்பவற்றில் ஒரு வரிசை நேராகவும் மறு வரிசை சாய்வாகவும் நிற்கின்றன. நேரானவை போல்ட், கழன்றுவிடும். சாய்ந்தவை ஸ்டட், அரித்து ஹெட்டோடு இறுகிவிட்டால் கழலவும் விடாது, தூக்கவும் விடாது. இருதலைக் கொள்ளி என்பதை ஒரு தொழிற்சாலை இரும்பிலும் அலுமினியத்திலும் செய்து காட்டிய இடம் இது.

எனவே உடையவர்கள் எஞ்சினையே தூக்கி எறிந்தார்கள். சிலர் ஃபோர்டின் 3 லிட்டர் வி6ஐப் போட்டார்கள். பலர் போட்டது ரோவரின் 3,528 சிசி வி8, முழுக்க அலுமினியம். இதன் பூர்வீகமும் ரோவர் அன்று. அமெரிக்காவில் ப்யூக் 1961இல் கொண்டுவந்து, சில வருஷங்களில் கைகழுவிய எஞ்சின். 1965இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. 1968 முதல் ரோவரும் ட்ரயம்ஃபும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கம்பெனிக்குள் இருந்தன. பக்கத்து அறையில் நல்ல வி8 இருக்க, ஸ்டாக்குக்குத் தனி வி8 எதற்கு? 'அது எங்கள் வண்டிக்குள் நுழையாது' என்று ட்ரயம்ஃப் சொல்லிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. பிற்பாடு அதே எஞ்சினை வீட்டுக் கொட்டகையில் வைத்து நுழைத்தவர்கள் இந்தப் பேச்சைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இனித் தத்துவம். உடல் அதுவே, உயிர் வேறு. இதற்குப் பெயர் எது? நம் மரபில் தீர்ப்பு உண்டு. சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதற, மனமிரங்கிய யோகி தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்தார். அன்று முதல் அவர் பெயர் திருமூலர். அதாவது, பெயர் கூட்டைச் சேர்ந்தது, குடிவந்த உயிரைச் சேர்ந்தது அன்று. ஆகவே ரோவர் எஞ்சின் போட்ட ஸ்டாக்கும் ஸ்டாக்கே என்பது பெறப்படும்.

பிரிட்டிஷ் அரசும் சைவ மரபை அறியாமலே இதற்கு உடன்பட்டிருக்கிறது. கண்டபடி மாற்றிய வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க அந்நாட்டு வாகனப் பதிவு அலுவலகம் நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. சட்டகம் அல்லது பாடிக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டு தேறினால் பதிவெண் தங்கும். எஞ்சினை முழுதாகப் பறிகொடுத்த வண்டியும் 13 வாங்கிக்கொண்டு தெம்பாக வெளியே வரும். ஸ்டியரிங்கில் பாதி மதிப்புத்தான் எஞ்சினுக்கு என்று ஒரு சர்க்கார் எழுதிவைத்ததை நினைக்க நினைக்க நமக்குப் பரவசமாக இருக்கிறது.

பரிகார காண்டமும் உண்டு. 2018 மே முதல், பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிக்கு வருடாந்தர தகுதிச் சோதனை தேவையில்லை. ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தச் சலுகை இல்லை. எஞ்சின் மாற்றத்தை எடைபோடும்போது சிலிண்டர் எண்ணிக்கை வேறுபடுகிறதா என்பதையும் பார்ப்பார்கள். எட்டுக்கு எட்டு போட்டவர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம். எட்டுக்கு ஆறு போட்டவர் நெளிய வேண்டும். இருவருமே 1980களில் போட்டிருந்தால் கவலையில்லை, பாவம் காலாவதியாகிவிட்டது. விற்பவர்கள் மாற்றம் நடந்த வருஷத்தை முதல் வரியிலேயே போடுவதன் உட்பொருள் இதுவே.

இங்கே பூர்வபட்சக்காரர் எழுந்து, 'பெயரில் குறையில்லை, சட்டத்தில் குறையில்லை, வண்டியும் கொதிக்காமல் ஓடுகிறது. பின் ஏன் விலை குறைகிறது?' என்பார். நல்ல கேள்வி. மூலன் கதையிலேயே விடை இருக்கிறது. அரசோ பசுக்களோ ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தவள் மூலன் மனைவி. வீடு வராமல் நின்ற கணவனைத் தேடி வந்தவள் கண்டுபிடித்துவிட்டாள், ஊராரைக் கூட்டிவிட்டாள். ஸ்டாக் வாங்க வருகிறவர் அவளைப் போன்றவர். பானட்டைத் திறந்ததும் அவர் கண் போகிற இடம் ஒன்றே. ரோவர் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் நிற்கும். அது கண்ணில் பட்டதுமே, 'ஓ, ரோவரா' என்பார். அந்த 'ஓ'வின் நீளத்தைப் பொறுத்து விலை இறங்கும்.

விற்பவர் பக்கம் சாட்சியத்துக்குப் பஞ்சமில்லை. ரசீது ஃபைல் இருக்கிறது: கதவடியில் துருப்பிடித்த சில்லை வெட்டிப் புதிது வைத்தது, டிங்கரிங், பெயிண்ட், குரோம், மடக்குக் கூரை, மர டேஷ்போர்டுக்குப் பாலிஷ். ஃபைல் எவ்வளவு தடியோ அவ்வளவு நல்லது. ஆனால் அதைக் காட்டலாம், கூட்டக் கூடாது. கூட்டிவிட்டால் வண்டியின் விலையைவிட ரசீதுகளின் தொகை பெரிது என்பது இருவருக்கும் தெரிந்துபோகும். ஒருவருக்கு அழுகையும் மற்றவருக்குப் பேரம் பேசும் தைரியமும் வரும்.

இன்னொரு சாட்சி எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் கார். அதே ரோவர் எஞ்சினைக் கென் காஸ்டெல்லோ என்பவர் எம்ஜிபிக்குள் வைத்து விற்றார். 1973இல் எம்ஜிபியைத் தயாரித்த கம்பெனியும் தன் பங்குக்கு எம்ஜிபி ஜிடி வி8 என்று அதையே செய்தது. இன்று இரண்டையும் தேடி வாங்குகிறார்கள். கலப்பு என்று எவரும் முகம் சுளிப்பதில்லை. ஆக, தீட்டு எஞ்சினில் இல்லை, போட்டவர் யார் என்பதில் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் கொட்டகையில் போட்டால் குறை. பெயர் பெற்றவர் போட்டால் வரலாறு. இதைத் தீட்டு சாஸ்திரம் என்று வைத்துக்கொண்டால் எல்லா முரணும் விளங்கிவிடும். சாஸ்திரம் சரியா என்று கேட்டால், நமக்கு அந்த ஓடும் ஸ்டாக்தான் வேண்டும் என்போம். நம்மிடம் பணம் இல்லாததால் அக்கருத்து சந்தையைப் பாதிக்கவில்லை.

நடுநிலைக்காக ஒன்று: ட்ரயம்ஃபின் வி8 இன்று அவ்வளவு மோசமில்லை. நோய் தெரிந்துவிட்டதால் வைத்தியமும் தெரியும். நல்ல ரேடியேட்டர், சரியான கூலன்ட், காலத்தில் மாற்றிய டைமிங் செயின் இருந்தால் ஓடும். என்றாலும் சோதனை ஓட்டத்தில் வாங்குபவர் சாலையைப் பார்ப்பதில்லை. டெம்பரேச்சர் முள்ளையே பார்க்கிறார். ரோவர் போட்ட வண்டியில் முள் நடுவில் அசையாமல் நிற்கும். அப்போது அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும் என்பது நம் துணிபு.

இனி, விற்பனையின் உச்ச உத்தி. கழற்றிய பழைய எஞ்சினைத் தூக்கிப் போடாமல், ஒரு மரப்பலகைமேல் ஏற்றி, தார்ப்பாய் மூடி, கொட்டகை மூலையில் வைத்திருக்க வேண்டும். 'ஒரிஜினல் எஞ்சினும் கூடவே தருகிறேன், வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்' என்ற ஒரு வாக்கியத்தில் சரிந்த விலை பாதி நிமிரும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் சான்றிதழ் வாங்கி, அதிலுள்ள எஞ்சின் எண்ணும் பலகைமேல் இருப்பதும் ஒன்றே என்று காட்டினால் மீதியும் நிமிரக்கூடும். திரும்பப் போடுகிறவர் உண்டா? திருமூலரும் திரும்பிப் போவதாகத்தான் இருந்தார்; மறைத்து வைத்த உடலைப் போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை. எஞ்சினுக்கு அந்த ஆபத்துக் குறைவு. யாரும் திருட மாட்டார்கள். நகர்த்த நாலு ஆள் வேண்டும்.

பேரம் முடிந்தபின் ரோவர் வி8 ஸ்டாக்கைத் தானே ஓட்டிப் போய்விடும். ஒரிஜினலை ஏற்றிப் போக டிரெய்லர் பிடிக்க வேண்டும். அந்த வாடகையை விற்றவர் கொடுப்பதா வாங்கியவர் கொடுப்பதா என்பதில் மட்டும் உரையாசிரியர்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.