காத்து எவ்வளவு சார்?

கே: பெட்ரோல் பங்கில் காத்து பிடிக்கும் தம்பி 'எவ்வளவு சார்?' என்று என்னையே கேட்கிறான். என்ன சொல்ல? (ஈரோடு வாசகர்)

ப: நம் ஊரில் இதற்கு இரண்டே பதில். ஒன்று, '35 போடுப்பா.' இன்னொன்று, 'எல்லாரும் போடுறதைப் போடுப்பா.' இரண்டையும் கற்றுக்கொடுத்தவர் மச்சினனாகத்தான் இருப்பார். டிரைவர் கதவைத் திறந்து, கதவு வந்து மோதும் தூணைப் பாருங்கள். ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு, ஆள் ஏறினால் இவ்வளவு என்று காரைச் செய்தவனே எழுதி ஒட்டியிருக்கிறான். தினமும் நாலு தடவை அந்தக் கதவைத் திறக்கிறீர்கள். படித்ததில்லை, அவ்வளவுதான்.

கே: டயர் மேலேயே 51 என்று அச்சடித்திருக்கிறதே? (கரூர் வாசகர்)

ப: அது டயர் தாங்கும் உச்சம். என் மாமா ஒரு கல்யாணப் பந்தியில் 18 இட்லி சாப்பிட்டார். அதற்காக அத்தை தினமும் 18 வைப்பதில்லை. ஒரே டயர் பல கார்களுக்குப் போகும். உங்கள் கார் எது என்று டயருக்கு எப்படித் தெரியும்?

கே: வால்வு மூடி பச்சையா, கறுப்பா, எது நல்லது? (தேனி வாசகி)

ப: தொலையாதது.

கே: நைட்ரஜன் அடிக்கலாமா? (ஆவடி வாசகர்)

ப: ஆரம்பித்துவிட்டீர்களா! சும்மா கிடைக்கும் காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது, உண்மை. விமானச் சக்கரத்துக்கு அது வேண்டும். நீங்கள் அம்பத்தூர் வரைதானே போகிறீர்கள்?

கே: ஸ்டெப்னி என்ற பெயர் எப்படி வந்தது? (காரைக்குடி வாசகர்)

ப: சிரிக்காமல் கேட்டதற்கு நன்றி. அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊர், அங்கே ஸ்டெப்னி தெரு. அந்தக் காலத்துக் காருக்கு உபரிச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் அங்கே உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெரு நம் மெக்கானிக் வாய்க்குள் வந்து குடியேறிவிட்டது. அது சரி, உங்கள் ஸ்டெப்னிக்குக் காத்து பார்த்து எத்தனை வருஷம்?

கே: சித்திரை வெயிலில் குழந்தைகளோடு திருச்செந்தூர் போகிறோம். ஓடும்போது காத்து ஏறும், குறைத்து வை என்கிறார் மச்சினன். டயர் வெடித்துவிடுமோ என்று பயம். (திண்டுக்கல் வாசகி)

ப: குறைக்காதீர்கள் அம்மா. காத்து குறைந்த டயர்தான் நசுங்கி நசுங்கிச் சூடேறி வெடிக்கும். ஓடினால் நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறும், ஸ்டிக்கர் கணக்கில் அதுவும் சேர்த்தி. அதனால் வண்டி எடுப்பதற்கு முன், காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஆள் நிறைய ஏறுவதால் ஃபுல் லோடுக்கான எண்ணை வையுங்கள். வழியில் சூடாக இருக்கும்போது யார் சொன்னாலும் காத்தை இறக்காதீர்கள். சின்ன கேஜ் ஒன்று வாங்கி மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ரொம்பப் பழசு, வெடிப்பு விட்டிருக்கிறது என்றால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மச்சினனும் வருகிறாரா? லோடு கணக்கில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.