எழுபத்தைந்து குதிரைகளும் ஒரு குடும்பஸ்தனும்

எனக்குக் கார் ஓட்ட வருமா என்று கேட்டால் என் வீட்டில் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். காரின் என்ஜினைப் பற்றிப் பேச வருமா என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள். எழுந்து உள்ளே போய்விடுவார்கள். 1,248 சி.சி., நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, போர் 69.6 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 82 மில்லிமீட்டர், 4,000 சுற்றில் 75 குதிரைசக்தி, 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் டார்க். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் நானாகவே சொன்னேன். அவர் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டார்.

என் கார் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொல்லியும் பிரயோஜனமில்லை. இந்த என்ஜின் இந்தியாவில் குடியேறாத பானெட் குறைவு. ஃபியட்டில் அதன் பெயர் மல்டிஜெட், மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட். வேறு சில வீடுகளிலும் வேறு பெயர்களில் இருந்தது. ஹரியானாவின் மானேசரிலும் மகாராஷ்டிரத்தின் ரஞ்சன்காவிலும் தயாரித்துத் தள்ளினார்கள். கார்ப் பத்திரிகைக்காரர்கள் இதற்கு ‘தேசிய என்ஜின்’ என்று பட்டமே கொடுத்தார்கள். மயில், புலி வரிசையில் ஒரு இத்தாலியருக்கும் இடம் கிடைத்தது.

இத்தாலியர் என்றது சும்மா இல்லை. இத்தாலியின் ஃபியட்டும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாளிகளாக இருந்த காலத்தில் பிறந்த என்ஜின் இது. 2003-ல் வெளியே வந்தது. 2005-ல் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் சர்வதேச விருது வாங்கியது. அதே 2005-ல் அந்தக் கூட்டுக்குடும்பம் உடைந்து, ஜெனரல் மோட்டார்ஸ் 200 கோடி டாலர் கொடுத்து வெளியேறியது. பாகப்பிரிவினை எவ்வளவு கசப்பாக முடிந்தாலும் இந்த என்ஜினை மட்டும் இரண்டு தரப்பும் விடவில்லை என்பதிலிருந்தே அதன் அருமை விளங்கும். நானும் அப்படி விளங்கிக்கொண்டுதான் 2012-ல் வாங்கினேன்.

இல்லை, அருமைக்காக வாங்கினேன் என்பது பந்தியில் சொல்வது. கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். 2012 நடுவில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குச் சுமார் 30 ரூபாய் வித்தியாசம். பெட்ரோல் காரென்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய், டீசல் கார் என்றால் இரண்டேகால். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் ரூபாய் லாபம்! டீசல் கார் கூடுதலாக ஒரு லட்ச ரூபாய் விலை என்பதைத் தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். அந்த ஒரு லட்சத்தை மீட்க 36,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். நான் காளவாசலிலிருந்து சிம்மக்கல் ஆபீசுக்குப் போய்த் திரும்புகிறவன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட், முகூர்த்த நாளில் மண்டபம். லாபத்தின் வாசலை நான் தொடுவதற்குள், 2014 அக்டோபரில் அரசாங்கம் டீசல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. இன்று வித்தியாசம் பத்து ரூபாய்க்குள். அந்தக் காலண்டர் தாளை என் மனைவி பத்திரமாக வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

சரி, 75 குதிரைகளுக்கு வருவோம். அவை எல்லாம் ஒன்றுகூடுவது 4,000 சுற்றில். நான் 1,500-ஐத் தாண்டுவது அபூர்வம். மதுரைக்குள் தாண்டுவதும் சுலபமில்லை. முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால் டவுன் பஸ், நடுவில் எந்தக் கட்சியையும் சாராத ஒரு மாடு. டர்போ என்பது புகைக்காற்றில் சுழலும் ஒரு சின்னச் சக்கரம். என்ஜினை விட்டு வெளியே போகிற புகையே அதைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. நன்றாக மிதித்தால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். மிதிக்காவிட்டால் சும்மா ஒப்புக்குச் சுற்றும். 1,800 சுற்றுக்குக் கீழே இந்த வண்டியில் டர்போ இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்ததும் நான் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன், ஒன்றும் நடக்காது. பின்னால் இருப்பவர்கள் என் பரம்பரையை விசாரிக்கிறார்கள். அப்புறம் திடீரென்று 190 நியூட்டன் மீட்டரும் சேர்ந்து வந்து விழும். அதற்குள் அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வந்திருக்கும்.

இப்படி ஓட்டி ஓட்டி, வண்டி ஒருநாள் மேட்டில் ஏறத் திணறியது. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கும் எரிந்தது. மெக்கானிக் தம்பியிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் என்னிடம் அறிகுறி எதுவும் கேட்கவில்லை.

“அண்ணே, தினம் எம்புட்டுத் தூரம் ஓடுது?”

சொன்னேன். அவர் முகத்தில் வந்த பரிதாபம் என்மேலா வண்டிமேலா என்று தெரியவில்லை.

இஜிஆர் வால்வு என்று ஒன்றைக் கழற்றி, தினத்தந்தி விரித்து அதன்மேல் வைத்தார். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்புகிற வால்வு அது. புகை கலந்தால் எரியும் சூடு குறையும்; சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும்; ஊர்க்காற்றுக்கு நல்லது. ஆனால் புகையோடு கரியும் வரும். என்ஜினின் எண்ணெய் ஆவி இன்னொரு குழாய் வழியாக வந்து அந்தக் கரியைப் பிசையும். என் வால்வின் வாயில் அது அடைஅடையாகப் படிந்து, விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில் நுழையவில்லை. பழைய ஆக்சா பிளேடால் அவர் சுரண்டினார். முதலில் வழுவழுவென்று ஈரக்கரி, அடியில் கல்லாக இறுகிய கரி. கார்ப் கிளீனரைப் பீய்ச்சியதும் கறுப்புத் தண்ணீர் ஓடி ராசிபலன் பக்கத்தை நனைத்தது. என் ராசி அதில் காணாமல்போனது.

“புல்லா மிதிக்கும்போது இந்த வால்வு மூடிக்கும்ணே. மெல்லமா உருட்டுறப்பத்தான் தொறந்து தொறந்து புகைய உள்ள விடும். நீங்க மெல்லமாத்தான் உருட்டுறீக. கொலஸ்ட்ரால் மாதிரித்தாண்ணே. வண்டிக்கு வாக்கிங் இல்ல.”

அதற்கு முந்தைய வாரம் டாக்டரும் என் விஷயத்தில் ஏறத்தாழ இதையே சொல்லியிருந்தார் என்பதை நான் வெளியிடவில்லை. மனைவி வெளியிட்டாள்.

மருந்தும் அவரே எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை நாலுவழிச் சாலையில் ஏற்றி, மூன்றாவது கியரிலேயே 3,000 சுற்றில் மேலூர் வரை விரட்டிக்கொண்டு போய்வர வேண்டும். சூடு ஏறினால் இளங்கரி கொஞ்சம் எரிந்து வெளியேறும், டர்போவும் கையைக் காலை நீட்டும். இந்த வைத்தியத்துக்கு உலகம் முழுக்க ‘இத்தாலியன் ட்யூன்-அப்’ என்று பெயராம். என்ஜினும் இத்தாலி, மருந்தும் இத்தாலி, டோல்கேட் மட்டும் சிட்டம்பட்டி. கரியை எரிக்க டீசல் செலவு, அதற்கு மேல் சுங்கம். இரண்டே முக்கால் ரூபாய் லாபத்தின் கடைசிப் பைசாவும் பாஸ்டேக்கில் கழிந்த செய்தி போனில் டிங் என்று வந்தது.

ஒத்தக்கடை தாண்டி யானைமலை ஓரமாக நான் முதன்முதலாக மிதித்தபோது, பின்னால் கரும்புகை ஒரு படலமாகக் கிளம்பியது. பைக்கில் வந்த ஒருவர் ஒதுங்கி நின்றேவிட்டார். பக்கத்தில் மனைவி, “என்னங்க, கியர் மாத்த மறந்துட்டீங்களா?” என்றாள். டீசல் என்ஜின் தத்துவத்தை ஆரம்பித்தேன். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டாள். காற்று என் தத்துவத்தைப் பார்த்துக்கொண்டது.

மேலூரில் வேலையென்று ஒன்றும் கிடையாது. சகலை வீடு அங்கே இருந்ததால் அங்கே போய்த் திரும்புவது வழக்கமாயிற்று. நான் வாராவாரம் வந்து நிற்பதைப் பார்த்து, கடன் கேட்க வருகிறேன் என்று அவர் முதலில் நினைத்தார். பிறகு வீட்டில் சண்டை என்று நினைத்தார். இஜிஆர் வால்வுக்காக வருகிறேன் என்று உண்மையைச் சொன்னதும், கடன் கேட்டிருந்தாலே தேவலை என்ற முகத்தோடு காபி கொடுத்தார்.

இன்னொரு சடங்கும் உண்டு. ஓடி நின்ற டர்போவை உடனே அணைக்கக் கூடாது. சூடாக இருக்கும் தண்டுக்கு எண்ணெய் நின்றுபோனால் பேரிங் கருகும். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆற வைக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் வீட்டு வாசலில் என்ஜினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குள் போகப் பயந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். மெக்கானிக் தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். “மேலூர் போய்ட்டு வந்தா செய்ங்கண்ணே. சிம்மக்கல் போய்ட்டு வந்தா எதுக்கு? டர்போ சுத்தினாத்தானே ஆறணும்” என்றார்.

டைமிங் செயினைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ராத்திரித் தூக்கம் அதில் தொங்குகிறது. இந்த என்ஜினில் பெல்ட் கிடையாது, செயின். நன்றாகப் பராமரித்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வது என்ஜின் ஆயில் அழுத்தத்தில். ஆயில் பழசாகிக் கரி சேர்ந்தாலோ அளவு குறைந்தாலோ செயின் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி கலகலவென்று சத்தம் வந்தால் அதுதான் எச்சரிக்கை. அசட்டையாக விட்டு செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அப்புறம் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். ஆகவே தினமும் காலையில் பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்கிறேன். தெருவில் கோலம் போடுகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. ஆயில் குச்சியை உருவி, பழைய பனியனில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பேன். புது ஆயில் ஊற்றிய மறுவாரமே மைக்கறுப்பு. ஏமாற்றிவிட்டார் என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போய், டீசலில் ஆயில் அப்படித்தான் கறுக்கும், கரியை அது சுமப்பதால்தான் கறுக்கிறது, கறுக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்ற பாடத்தோடு திரும்பினேன். பனியன் மட்டும் திரும்பவில்லை.

பெட்ரோல் பங்கில் இறங்கி நின்று “டீசல், டீசல்” என்று நாமஜபம் செய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேங்க் மூடியில் பெரிதாக எழுதி ஒட்டியும் இருக்கிறேன். இந்த என்ஜின் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக, ஒரே எரிதலுக்குப் பல தவணையாகப் பீய்ச்சுகிறது. அந்தப் பம்புக்கு மசகு எண்ணெயே டீசல்தான். பெட்ரோல் போட்டு ஓட்டினால் பம்பு தேய்ந்து, இரும்புத்துகள் இன்ஜெக்டர் வரை போய், பில் என் ஒருமாதச் சம்பளத்தை வந்து பார்க்கும். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரையும் அவ்வப்போது வடிக்க வேண்டும். இன்ஜெக்டருக்குத் தண்ணீரும் ஆகாது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திக்கொண்டது. இப்போது வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரியை எரித்துச் சுத்தப்படுத்தவும் நல்ல ஓட்டம் வேண்டும். ஊருக்குள் உருட்டுகிறவன் பாடு என் பாட்டைவிட மோசம்.

ஆகவே, வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் ஓடுகிறவரா நீங்கள்? டீசல் வாங்குங்கள், அந்த இழுவைக்கும் மைலேஜுக்கும் ஈடு கிடையாது. ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வருகிறவரா? விலை வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் காலண்டர் தாளைத் திருப்பாதீர்கள், பெட்ரோலே போதும். மற்றபடி மதுரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்களில் யாருக்காவது மேலூரில் உருப்படியாக ஒரு வேலை இருந்தால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறேன். டீசலும் டோலும் என் செலவு. என்ஜினைப் பற்றிப் பேச மாட்டேன் என்று மட்டும் என்னிடம் எழுதி வாங்காதீர்கள்.