மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வாங்கியவருக்குச் சில யோசனைகள்

கொடைக்கானல் மலையில், வத்தலக்குண்டு பக்கமாக இறங்கும் சரிவில், இரண்டு ஏக்கர் வாங்கிவிட்டீர்கள். வாழ்த்துகள். மூன்று பக்கமும் காடு, ஒரு பக்கம் காப்பித் தோட்டம். வாங்கியதற்குக் காரணம் காடுதான் என்பதால், முதல் வேலையாக அதை அப்புறப்படுத்த வேண்டும்.

காட்டு நிலம் பார்க்கச் சகிக்காது. கீழே சருகு, நடுவில் புதர், இடையிடையே பட்டுப்போய் நிற்கும் மரம். அந்தப் பட்டமரத்தில் குக்குறுவான் பொந்து குடையும், அது காலி செய்ததும் வேறொரு பறவை குடியேறும், ஆந்தை வந்து எட்டிப்பார்க்கும். யாரும் வாடகை தருவதில்லை. வெட்டிவிடுங்கள். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால், 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மரம் வெட்ட முடியாது. நிலம் காட்டிய புரோக்கர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பள்ளத்தாக்கு எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்று காட்டுவதிலேயே அவருக்கு நேரம் போயிருக்கும்.

ஓடைக்கரை மரங்களும் அந்தக் காட்சியை மறைக்கின்றன. காட்டுமாடும் கடமானும் தண்ணீருக்கு வரும் மறைவு அதுதான். கோடையில் தீ வந்தால் வேகம் குறைகிற ஈர இடமும் அதுதான். அங்கே ஒரு கல் பெஞ்சு போட்டால் எடுப்பாக இருக்கும்.

உண்ணிச்செடியை மட்டும் தொட வேண்டாம். அலங்கார வேலிக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த செடி. மஞ்சளும் சிவப்பும் கலந்த பூ, படமெடுக்க நன்றாக இருக்கும். அது ஆளுயரத்துக்கு அடர்ந்தால் கீழே புல் முளைக்காது, மான் மேயாது. காய்ந்த கொடிகள் மரத்தில் ஏறிக் கிடப்பதால், தரையோடு போக வேண்டிய தீ அதையே ஏணியாகப் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போகும். இதை ஒழிப்பது சலிப்பான வேலை. மேலோடு வெட்டினால் இரண்டு மடங்காகத் தழைக்கும். மண்ணுக்குள் வேரின் கழுத்தைப் பார்த்து வெட்டி, தலைகீழாகப் போட வேண்டும். பிறகு அடுத்தடுத்த மழைக்காலங்களில் முளைக்கிற கன்றுகளையும் பிடுங்க வேண்டும். அதற்குள் நீங்கள் நிலத்தையே விற்றிருப்பீர்கள்.

இனி முக்கியமான விஷயம், தீ. வெட்டிப்போட்ட புதரை என்ன செய்வது? மார்ச் வரை காய விடுங்கள். காற்று நன்றாக வீசுகிற நாளில், மதியம் இரண்டு மணிக்கு, சரிவின் அடியில் நின்று தீக்குச்சியைக் கிழியுங்கள். தீ மேட்டைப் பார்த்து ஓடும் பிராணி. போகிற வழியில் மேலே உள்ள புல்லைத் தன் சூட்டிலேயே காய வைத்துக்கொண்டு போகும். எலுமிச்சைப் புல்லாக இருந்தால் எண்ணெய்ச் சத்தும் சேர்ந்து வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும். ஓரத்தில் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது, தை மாதப் பனி ஈரத்தில் சிறுகச் சிறுக முடித்துக்கொள்வது, வனத்துறைக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் முன்கூட்டிச் சொல்வது, இதெல்லாம் பொறுமைசாலிகளுக்கு. பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் அப்படித்தான் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சிறு தீ வைத்து வந்தார்கள். ‘தரகு பெங்கி’ என்று அதற்குப் பெயர். அந்தப் பழக்கம் தடைசெய்யப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்கிறார்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள் சொல்வது. நீங்களோ சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிறவர்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். செயற்கைக்கோள் பார்க்கும், டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் வழியாக வனத்துறையினரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். சரிவில் தீயணைப்பு வண்டி ஏறாது. தீத்தடுப்புக் காவலர்களும் மலைக்கிராமத்து இளைஞர்களும் நடந்தே வந்து, பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடிப்பார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இப்படியொரு புல்சரிவில்தான் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

அடுத்து வேலி. நாலு பக்கமும் இறுக்கமாகப் போடுங்கள். தீக்குத் தப்பி ஓடிவரும் காட்டுமாடு அதில் முட்டி நிற்கட்டும். மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்து விளைநிலம் ஒன்றில் செத்துக் கிடந்த மூன்று யானைகளே சாட்சி. வேலிக்குள் யானை வந்துவிட்டால் தீயால் விரட்டலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மசினகுடியில் தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் பொருளை எறிந்தார்கள். தலையில் தீப்பிடிக்க அது காட்டுக்குள் ஓடிய காட்சியை 2021 ஜனவரியில் நாடே பார்த்தது. யானை பிழைக்கவில்லை.

நிலத்தில் வெறும் புல் மட்டும் இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் விதைப்பந்து எறியலாம். புல்வெளியும் ஒரு வாழிடம்தான். வரையாட்டைக் கேட்டால் சொல்லும். ஆனால் வரையாடு உங்கள் அலுவலகத்தின் மரம் நடு விழாவுக்கு வருவதில்லை.

முதல் மழை பெய்ததும் தவறாமல் நிலத்துக்குப் போய்ப் பாருங்கள். கரிக்கட்டைகளுக்கு நடுவே அங்கங்கே பச்சைத் துளிர் தலைகாட்டும். மேலே கருகினாலும் உண்ணிச்செடியின் வேர் சாகவில்லை. இனி வெயிலுக்குப் போட்டியும் இல்லை. மண்டியிட்டு, வெளிச்சம் பார்த்து, கிட்டத்தில் ஒரு படமெடுங்கள். ‘காடு மீண்டும் எழுகிறது’ என்று தலைப்பிட்டுப் போட்டால் நிறைய லைக் விழும்.