அன்னபூரணி ஊர்க்காரருக்கு ஆசை வராதா?

கேள்வி: இரண்டு ஒல்லித் தோணிகளைச் சட்டம் போட்டுப் பிணைத்துத் திறந்த பாய்ப்படகு கட்டி, தூரப் பயணம் போக ஆசை. சரிவருமா? (வாசகர், வல்வெட்டித்துறை)

பதில்: வரும் தம்பி! உங்கட ஊரில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தையே தொட்டது. ஆனால் அது 89 அடி. உம்முடைய படகில் சோற்றுப்பானையும் தண்ணீர்க் கானும் இடத்துக்குச் சண்டை பிடிக்கும். பாரத்தைக் குறையும். மூட்டை ஏற ஏற இந்தப் படகின் வேகம் செத்துப்போகும். முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும் என்பதால் எங்கள் பரவைக்கடலுக்கு இதைவிடத் தோதான படகு இல்லை. ஒன்று கவனம்: கவிழ்ந்தால் தலைகீழாகவும் அசையாமல் நிற்கும், தனி ஆளாய் நிமிர்த்துவது லேசில்லை. சோளகம் அடங்கிய நாளில், கூட்டாளிகளோடு பரவைக்குள் வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகும். பிறகு பாயை விரியும்.